திரையில் ஒரு பெயர், ரிசீவரில் ஒரு பெயர்: கோடி மென்பொருளில் ஒலி வடிவத்தைச் சரிபார்த்த அனுபவம்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்னறையில், சனிக்கிழமை மாலைகளில் தமிழ்ப் படம் போடுவது வழக்கம். வீட்டுக்காரரின் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். தெருவே ஆயா என்று அழைக்கும் அவர்தான் முதல் ஆளாக வந்து சாய்வு நாற்காலியில் அமர்வார். 2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அதாவது இங்கே ஜூன், ஜூலை மாதங்களில், ஒரு மாலை படம் தொடங்கி அரை மணி நேரம் ஆனபின் அவர் என் கையைத் தொட்டு, "சத்தம் நல்லா கேக்குதுப்பா, பேச்சுதான் கேக்கல" என்றார். ஒலியைக் கூட்டினேன். பின்னணி இசை சுவரை அதிரச் செய்தது. பேச்சு அப்போதும் அடியில் எங்கோ கிடந்தது. படத்தை நிறுத்தி அதன் விவரப் பக்கத்தைத் திறந்தபோது 'டிடிஎஸ்-எச்டி எம்ஏ 5.1' என்ற ஒலி வடிவச் சின்னம் தெளிவாக இருந்தது. கீழே அலமாரியில் இருந்த ரிசீவரின், அதாவது ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியின், முகப்பில் 'பிசிஎம்' என்ற மூன்று ஆங்கில எழுத்து மட்டும் எரிந்துகொண்டிருந்தது; சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலிக்கு அது பெயர்.

ஒரே படத்தின் ஒரே ஒலிக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள் ஏன் காட்டப்படுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. முதல் இரண்டு வாரங்களைத் தவறான இடத்தில் தேடியே கழித்தேன். அதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரமாவது மிச்சமாகட்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

ஆயாவுக்குப் பேச்சு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சிறுமியாக மாலை நேரத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர். பிள்ளைகள் காலத்தில் வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் உறவுப் பெயர்களும் சமையல் பெயர்களும்தான் தெரியும். படத்தில் யாராவது பேசும்போது, தம் தாயார் வாயில் கேட்ட ஒரு சொல் வந்துவிட்டால் அவர் முகம் மாறிவிடும். கதை அவருக்கு இரண்டாவதுதான். ஆகவே பேச்சு கேட்காத படத்தை அவருக்குப் போடுவதில் பொருளே இல்லை.

என்னிடம் இருந்தவை இவைதாம்: 2019ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் கையடக்கக் கணினி, அதில் லிப்ரெஎலெக் இயங்குதளம், அதன்மேல் கோடி என்னும் ஊடக மைய மென்பொருள், ஒரு 1080பி தொலைக்காட்சி, பழைய பொருளாக வாங்கிய 5.1 ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஓசைக்கு ஒரு சப்வூஃபர். படங்கள் எல்லாம் நான் வாங்கிய ப்ளூ-ரே, டிவிடி தட்டுகளிலிருந்து எம்கேவி கோப்புகளாக மாற்றி வன்தட்டில் சேர்த்தவை. கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் தொலைக்காட்சிக்குப் போயிற்று. தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கேபிள் ரிசீவருக்கு வந்தது. கோடி மென்பொருளுக்கு 2014ஆம் ஆண்டு வரை எக்ஸ்பிஎம்சி என்று பெயர். அந்தப் பழைய பெயரில் எழுதப்பட்ட வழிகாட்டுதல்கள் இன்றும் தேடலில் வருகின்றன. அவற்றில் சொல்லப்படும் அமைப்புப் பட்டியல்கள் பல இப்போது அதே இடத்தில் இல்லை. நானும் அவற்றைப் பார்த்துச் சில மாலைகளை இழந்தேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது திரையில் தெரிந்த சின்னத்தைத்தான். கோடியின் திரைத் தோற்றமான ஸ்கினை மாற்றினேன், வேறொன்றைப் போட்டேன், மறுபடி பழையதற்கே திரும்பினேன். பிறகுதான் அந்தச் சின்னம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுமையாகப் படித்தேன். அது தற்போது ஒலித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வரையப்படுவதன்று. கோடி தன் லைப்ரரியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது: எந்தக் கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை), எத்தனை சேனல் (தனித்தனி ஸ்பீக்கருக்கான ஒலி), எந்த மொழி என்று. அந்தக் குறிப்பு மைவீடியோஸ் என்று தொடங்கும் பெயருடைய தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. ஸ்கின் அந்தக் குறிப்பிலுள்ள சொல்லை வாங்கி, அதே பெயருள்ள படத்தைத் தன் கோப்புறையில் தேடி எடுத்துத் திரையில் வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. குறிப்பு பழையதானால் சின்னமும் பழையது. அந்தப் பெயரில் படம் இல்லையென்றால் சின்னம் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

இந்தக் குறிப்பு எப்படி உருவாகிறது என்பதில்தான் பல குழப்பங்களுக்கு விடை இருக்கிறது. ஊடக அமைப்புகளில் வீடியோ பகுதியில், கோப்புகளிலிருந்து வீடியோ விவரங்களைப் பிரித்தெடு என்ற பொருளில் ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கினால் கோடி கோப்பைத் திறந்து பார்த்துக் குறிப்பெழுதும். இல்லையென்றால் படத்தை ஒருமுறை ஓட்டி நிறுத்தும்போது எழுதும். படத்தின் பக்கத்திலேயே அதன் விவரங்களை எழுதிவைக்கும் என்எஃப்ஓ கோப்பு இருந்து, அதில் ஒலி விவரம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அதையும் கோடி எடுத்துக்கொள்ளும். என்னுடைய தொகுப்பில் முப்பது நாற்பது படங்களுக்கு எந்த ஒலிச் சின்னமும் வராமல் இருந்ததன் காரணம் இதுதான். வேறொரு தொகுப்பு மென்பொருளைக் கொண்டு என்எஃப்ஓ கோப்புகளை உருவாக்கியிருந்தேன். அது 'டிடிஎஸ்-எச்டி' என்று அழகாக எழுதி வைத்திருந்தது. கோடியின் ஸ்கின் தேடுவதோ 'டிடிஎஸ்எச்டி' என்று சேர்த்தெழுதி, பின் ஓர் அடிக்கோடு (_) இட்டு, 'எம்ஏ' என்று முடியும் சொல்லை. சாதாரண டிடிஎஸ்ஸுக்குக் கோடி வைத்திருக்கும் பெயர் 'டிசிஏ'. இந்தப் பெயர்களை அறியாதவர் சின்னம் வராததைக் கோப்பின் கோளாறு என்றே நினைப்பார். என்எஃப்ஓவில் அந்த ஒலிப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, படத்தின் விவரப் பக்கத்தில் புதுப்பி என்பதை அழுத்தி, படத்தைச் சில வினாடி ஓட்டி நிறுத்தியதும் சின்னங்கள் வந்துவிட்டன.

இன்னொன்று, பழைய குறிப்பு தங்கிவிடுவது. ஒரு படத்தின் டிவிடிக் கோப்பை எடுத்துவிட்டு, அதே பெயரில் ப்ளூ-ரே கோப்பை வைத்திருந்தேன். பெயர் மாறாததால் அது கோடிக்குப் பழைய கோப்பே. பெட்டியை மாற்றிவிட்டு அதன்மேலிருந்த பழைய சீட்டை அப்படியே விட்டதைப் போன்றது இது. ஒருமுறை ஓட்டி நிறுத்தினால் புதுக் குறிப்பு எழுதப்படும். கோடியின் மேல் சந்தேகப்படும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது மூன்றாவது காரணம். ஒரு கோப்பில் பல ஒலித்தடங்கள் இருந்தால் சின்னம் எந்தத் தடத்தைக் காட்டும்? நான் கேட்கப்போகும் தடத்தை என்றே எண்ணியிருந்தேன். அப்படியில்லை. லைப்ரரிப் பக்கத்தில் கோடி காட்டுவது, கோப்பிலுள்ள தடங்களுள் அது சிறந்தது என்று கருதும் தடம். சேனல் எண்ணிக்கை அதிகமுள்ளது முதலில். எண்ணிக்கை சமமென்றால் கோடெக்கின் தர வரிசைப்படி. ஆகவே தமிழ்த் தடம் இரண்டு சேனல் ஏஏசி வடிவமாகவும் இந்தித் தடம் 5.1 டிடிஎஸ்-எச்டியாகவும் இருக்கும் கோப்புக்கு, தமிழில் ஓடினாலும் லைப்ரரியில் டிடிஎஸ்-எச்டி சின்னமே நிற்கும். தமிழ்ப் படம் பார்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஏனெனில் நம் தட்டுகளில் மொழிமாற்றுத் தடங்கள் சேர்ந்தே வருகின்றன. அந்தச் சனிக்கிழமைப் படத்தில் தமிழ்த் தடமே டிடிஎஸ்-எச்டியாக இருந்தது என்பதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து உறுதி செய்துகொண்டேன். தொகுப்பிலிருந்த வேறு ஐந்தாறு படங்களில் சின்னம் காட்டியது தமிழ்த் தடத்தை அன்று.

அதோடு சேர்த்து ஒரு வேலை செய்ததை யாருக்கும் பரிந்துரைப்பேன். கோடியின் பிளேயர் அமைப்புகளில் விருப்ப ஒலி மொழியைத் தமிழ் என்று வைத்தேன். ஆனால் கோப்புக்குள் தடத்தின் மொழி குறிக்கப்பட்டிருந்தால்தான் அது பயன்படும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளின் தலைப்புத் திருத்தியில் ஒவ்வொரு தடத்தையும் திறந்து, மொழி குறிக்கப்படாமல் இருந்தவற்றுக்குத் தமிழ் என்று குறித்தேன். கோப்பு முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அன்றிலிருந்து படத்தைப் போட்டவுடன் தமிழிலேயே தொடங்குகிறது. ரிமோட்டில் தடம் மாற்றத் தெரியாத ஆயாவுக்கு இதுவே பெரிய வசதி.

ஆக, சின்னம் சொல்வது கோப்பில் என்ன இருக்கிறது என்பதைத்தான், அதுவும் பதிவு செய்யப்பட்ட அளவில். ஓடிக்கொண்டிருப்பது என்ன என்று அறிய வேறிடத்தில் பார்க்க வேண்டும். யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் சொருகி, படம் ஓடும்போது 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் பிளேயரின் உள்விவரம் திரையில் வரும். ஒலி டிகோடர் என்ற வரியில் கோடெக்கின் பெயருக்கு முன் 'பிடி' என்ற முன்னொட்டு இருந்தால் அது பாஸ்த்ரூ, அதாவது கோடி ஒலியைத் தானே பிரிக்காமல் கட்டோடு ரிசீவருக்கு அனுப்புகிறது என்று பொருள். முன்னொட்டு இல்லையென்றால் கோடியே பிரித்து, பிசிஎம் ஆக்கி அனுப்புகிறது. எனக்கு முன்னொட்டு இல்லை. ஆகவே ரிசீவர் 'பிசிஎம்' என்று காட்டியது பொய்யன்று. அதற்கு வந்து சேர்ந்தது அதுவே.

ஆனால் பிசிஎம் என்பதே குற்றமன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் வீணாக வருந்துகிறார்கள். டிடிஎஸ்-எச்டி எம்ஏ, ட்ரூஎச்டி ஆகியவை இழப்பில்லாத வடிவங்கள், அதாவது மூல ஒலியில் எதையும் விடாமல் சுருக்கியவை. அவற்றைக் கோடி பிரித்து ஆறு சேனல் பிசிஎம்மாக அனுப்பினாலும், ரிசீவர் பிரித்தாலும் காதுக்கு வருவது ஒன்றே. அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் என்னும் ஒலி வடிவங்களில் மட்டும், உயரத்தில் ஒலிப்பதற்கான கூடுதல் குறிப்புகளை ரிசீவர்தான் படிக்க வேண்டியிருப்பதால் பாஸ்த்ரூ தேவை. என் ரிசீவர் அதற்கு முற்பட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பெயர் என்ன என்பதன்று, எத்தனை சேனல் வந்து சேர்கிறது என்பதே.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் ரிசீவரின் முகப்பையும் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அது இரண்டு செய்திகளை மாற்றி மாற்றிக் காட்டுகிறது: உள்ளே வரும் ஒலியின் வடிவம் ஒன்று, ரிசீவர் அதைக் கொண்டு செய்யும் வேலை மற்றொன்று. இரண்டு சேனல் ஒலி வந்தாலும், ரிசீவர் தன் கணக்கில் அதை ஐந்து ஸ்பீக்கருக்கு விரித்து, அந்த முறையின் பெயரைப் பெரிய எழுத்தில் போடும். அதைப் பார்த்து 5.1 வந்துவிட்டதாக மகிழ்ந்த மாலையும் உண்டு. ரிமோட்டில் தகவல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் உள்வரும் ஒலியின் விவரம் தனியாக வருகிறது. என்னுடையதில் '48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல்' என்று வந்தது.

இணையத்தில் கிடைக்கும் சேனல் சோதனைக் கோப்பு ஒன்றைப் பிறகு ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒரு குரல் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அதனதன் சேனலிலிருந்தே சொல்லும். ரிசீவரின் விரிக்கும் முறையை நிறுத்தி, நேரடி முறையில் வைத்தேன். 'முன் இடது' என்ற குரல் இடப்பக்கம் கேட்டது. 'நடு' என்று வர வேண்டிய நேரத்தில் அறை அமைதியாக இருந்தது. 'முன் வலது' வலப்பக்கம் கேட்டது. அதன்பின் பின்னிரண்டும் மௌனம். நடுச் சேனல் எங்குமே இல்லை. வேறொன்றோடு கலந்தும் வரவில்லை. திரைப்படத்தில் பேச்சின் பெரும்பகுதி இருப்பது அந்த நடுச் சேனலில்தான். ஆயா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

காரணம் இதுதான். கோடியின் ஒலி அமைப்பில் சேனல் எண்ணிக்கையை நான் 5.1 என்று வைத்திருந்தேன், என்னிடம் ஐந்து ஸ்பீக்கர் இருக்கின்றனவே என்று. கோடி நம்பி ஆறு சேனலை அனுப்பியது. தொலைக்காட்சி அதை வாங்கி, ஆப்டிகல் வழியே வெளியே விடும்போது முன்னிரண்டு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிட்டது. அந்த எண்ணிக்கை வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கின்றன என்பதைப் பற்றியதன்று; கணினி பேசும் வழி எத்தனை சேனல் பிசிஎம்மைத் தாங்கும் என்பதைப் பற்றியது. ஆப்டிகல் கேபிள் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான் தாங்கும். 5.1 வேண்டுமானால் விநாடிக்கு 640 கிலோபிட் வரையுள்ள டால்பி டிஜிட்டலாகவோ, ஏறத்தாழ ஒன்றரை மெகாபிட் அளவுள்ள சாதாரண டிடிஎஸ்ஸாகவோ சுருங்கிய கட்டாகத்தான் போக முடியும். ட்ரூஎச்டி விநாடிக்கு 18 மெகாபிட் வரையும், டிடிஎஸ்-எச்டி எம்ஏ 24.5 மெகாபிட் வரையும் போகக்கூடியவை. அவை அந்த வழியில் நுழையவே முடியாது. தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐயின் ஆர்க் வழியும் பெரிதாக மேம்பட்டதன்று. டால்பி டிஜிட்டல் பிளஸ் பொதுவாகப் போகும், இழப்பில்லாத வடிவங்கள் போகா. பின்னர் வந்த இ-ஆர்க்தான் விநாடிக்கு 37 மெகாபிட் வரை தாங்கி எல்லாவற்றையும் அனுப்புகிறது. தொலைக்காட்சிகளுள் டிடிஎஸ்ஸை அடுத்த சாதனத்துக்குக் கடத்தாதவையும் உண்டு; இடையில் தொலைக்காட்சி இருக்கும்வரை அதன் வரம்பே நம் வரம்பு.

ஆப்டிகலை விட்டால் வழியில்லை என்பவர்களுக்கு என் யோசனை: சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள், பாஸ்த்ரூவை இயக்கி டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் அனுமதியுங்கள், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி இரண்டையும் நிறுத்துங்கள், டால்பி டிஜிட்டலாக மாற்றியனுப்பும் அமைப்பை இயக்குங்கள். டிடிஎஸ்-எச்டிக்குள் சாதாரண டிடிஎஸ் ஒன்று கருவாக அடங்கியிருப்பதால் கோடி அந்தக் கருவை மட்டும் அனுப்பும். ரிசீவர் 'டிடிஎஸ்' என்று காட்டும். அதைக் குறையென்று கருத வேண்டாம். ட்ரூஎச்டியில் அப்படிக் கரு இல்லை. அது பிரிக்கப்பட்டு டால்பி டிஜிட்டலாக மாறிப் போகும். இந்த அமைப்புகளுள் சில, அமைப்பு நிலையை நிபுணர் என்று வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்; அதை அறியாமல் என் நண்பர் ஒருவர் தம் கோடியில் அந்த வசதியே இல்லையென்று பல மாதம் நம்பியிருந்தார்.

நான் கேபிளை மாற்றினேன். கணினியிலிருந்து எச்டிஎம்ஐ நேரே ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து இன்னொன்று தொலைக்காட்சிக்கு. 2006ஆம் ஆண்டின் எச்டிஎம்ஐ 1.3 தரத்திலிருந்தே ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டியும் கட்டோடு போகும் என்பதால் பழைய ரிசீவருக்கும் இது போதும். கோடியில் சேனல் 5.1, பாஸ்த்ரூ இயக்கம், ரிசீவரின் கையேட்டில் எழுதியுள்ள வடிவங்களுக்கு மட்டும் அனுமதி. ஆனாலும் முகப்பில் பிசிஎம்மே வந்தது, இம்முறை பல சேனலாக. காரணத்தைத் தேட ஒரு முழு மாலை போயிற்று. திரையோடு ஓட்டத்தை இணைத்தல் என்ற பொருளில் பிளேயர் அமைப்புகளில் ஒன்று உண்டு. எப்போதோ படம் தயங்காமல் ஓட வேண்டும் என்று அதை இயக்கி வைத்திருந்தேன். அது இயங்கும்போது கோடி ஒலியின் வேகத்தைத் திரைக்கேற்பச் சற்றே திருத்த வேண்டியிருப்பதால், பிரிக்காத கட்டை அனுப்ப முடியாது. பாஸ்த்ரூ எந்த அறிவிப்பும் இன்றி நின்றுவிடும். அதை நிறுத்தியதும் முகப்பில் டிடிஎஸ்-எச்டியின் பெயர் வந்தது, சோதனைக் குரலும் ஆறு இடத்திலிருந்தும் பேசியது.

பாஸ்த்ரூவுக்கு வந்தபின் கோடியின் ஒலியளவுப் பட்டை எதையும் செய்யாது என்பதை வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆயாவின் பேரன் கைப்பேசியிலிருந்து பட்டையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் கெட்டுவிட்டது என்று கலங்கி நின்றான். ஒலியளவு இனி ரிசீவரின் ரிமோட்டில்தான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த புதன்கிழமை முகப்பில் மறுபடி இரண்டு சேனல் பிசிஎம். நான் எதையும் தொடவில்லை. கோடிக்குள் போய்ப் பார்த்தால் பாஸ்த்ரூ அமைப்புகளே காணாமல் போயிருந்தன. மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது. இரண்டு நாளில் மறுபடி போகிறது. இது எப்போது நிகழ்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தபோதுதான் பிடி கிடைத்தது. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறாம் நிலை என்று அறிவித்த நாட்களில் ஒரே நாளில் மூன்று, நான்கு முறைகூட மின்சாரம் போகும். அது திரும்பி வரும்போது எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே நொடியில் வருகிறது. ராஸ்பெரி பை 4இல் இயக்கப் பொத்தான் கிடையாது. மின்சாரம் வந்த கணமே தொடங்கிவிடும். ரிசீவரோ காத்திருப்பு நிலைக்குப் போய், யாராவது எழுப்பும்வரை உறங்கும்.

எச்டிஎம்ஐயில் ஒவ்வொரு சாதனமும் தான் எதை ஏற்கும் என்ற விவரத்தை ஈடிஐடி என்னும் சிறு குறிப்பாக எதிர்முனைக்குக் கொடுக்கிறது. கணினி விழித்துக் கேட்கும்போது ரிசீவர் உறங்கிக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னாலுள்ள தொலைக்காட்சியின் விவரம் வந்து சேரும். சில வேளை எதுவுமே வராது. கோடி அதை வைத்து, இரண்டு சேனல் மட்டுமே தெரிந்த சாதனம் என்று முடிவுகட்டிவிடுகிறது. பிறகு ரிசீவரை எழுப்பினாலும் அந்த முடிவு தானாக மாறுவதில்லை.

உடனடித் தீர்வு எளிது: முதலில் தொலைக்காட்சியும் ரிசீவரும், அவற்றில் படம் தெரிந்தபின் கணினி. கணினியின் மின்கம்பியைத் தனி சுவிட்ச் உள்ள பிளக்குக்கு மாற்றி, ஆயாவின் பேரனுக்கு அந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். நிரந்தரத் தீர்வு லிப்ரெஎலெக்கிலேயே இருக்கிறது. எல்லாம் சரியாக இயங்கும் ஒரு நேரத்தில், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியே இந்தக் கணினிக்குள் நுழைந்து, கெட்ஈடிஐடி என்ற கட்டளையை 'கிரியேட்' (உருவாக்கு) என்ற ஆங்கிலச் சொல்லோடு கொடுத்தால், ரிசீவரின் விவரத்தை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அடுத்த முறை தொடங்கும்போது எதிர்முனை உறங்கினாலும் அதையே படிக்கும். ரிசீவரையோ தொலைக்காட்சியையோ மாற்றினால் அந்தச் சேமிப்பை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நான் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியோடு எழுதி ரிசீவரின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன்.

எல்லாச் சேனலும் வந்தபின்னும் ஆயாவின் காதுக்கு ஒன்றிரண்டு செய்ய வேண்டியிருந்தது. ரிசீவரின் ஸ்பீக்கர் அமைப்பில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் மூன்று டெசிபெல் உயர்த்தினேன். அலமாரியின் உள்ளே தள்ளி வைத்திருந்த அந்த ஸ்பீக்கரை விளிம்புவரை முன்னால் இழுத்து, அவர் அமரும் உயரத்துக்குச் சற்றே சாய்த்து வைத்தேன். டால்பி டிஜிட்டல் தடமுள்ள பழைய படங்களுக்கு ரிசீவரின் இரவுநேர முறையை இயக்கினால் உரத்த ஓசை தணிந்து மெல்லிய பேச்சு எழும்புகிறது. இரண்டே ஸ்பீக்கரோடு, ரிசீவர் இல்லாமல் பார்ப்பவர்கள் சேனலை 2.0 என்று வைத்துக்கொண்டு, படம் ஓடும்போது வரும் ஒலி அமைப்பில் நடுச் சேனலின் கலவை அளவை உயர்த்தலாம். பாஸ்த்ரூ இல்லாதபோது மட்டுமே இது வேலை செய்யும். அட்மாஸ் சின்னத்துக்காகப் புது ரிசீவர் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அந்தப் பணத்தில் முதலில் நல்ல நடு ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறேன். முதியவர்கள் இருக்கும் வீடென்றால் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அதே படத்தை மறுபடி போட்டேன். நடுவில் மின்சாரம் போயிற்று; இரண்டு மணி நேரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தோம், ஆயா எழுந்து போகவில்லை. மின்சாரம் வந்தபின் பேரன் சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாக இயக்கினான். படம் விட்ட இடத்திலிருந்து தொடங்கிச் சில நிமிடத்தில், திரையில் ஒரு கிழவி பேத்தியைப் பார்த்து "கமுக்கமா இரு" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கம்மா இப்படித்தான் சொல்லும். அதை இன்னொரு தரம் போடுப்பா" என்றார். ரிமோட்டின் இடது அம்பை ஒருமுறை அழுத்தினேன். படம் பத்து விநாடி பின்னால் போய் அந்தக் கிழவியிடமே வந்து நின்றது.